உறுமலின் ஊர்கள்

போலந்தின் வடகிழக்கில், ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது ஒல்ஷ்டின் நகரம். 1990-இல் அங்கிருந்து 'மார்பிட் ரைக்' என்றொரு கசெட் வெளிவந்தது. பதிவுசெய்த குழுவின் பெயர் வேய்டர். முழு ஆல்பம் அல்ல, டெமோதான். இப்படி வாசிப்போம், பிடித்திருந்தால் கூப்பிடுங்கள் என்று நிறுவனங்களுக்கும் ரசிகர்களுக்கும் அனுப்பும் மாதிரிப் பதிவு. அந்தக் கசெட் 10,000 பிரதிகளுக்கு மேல் விற்றதாக டெத் மெட்டல் வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். ஒரு டெமோ அவ்வளவு தூரம் போவது அந்த உலகில் கேள்விப்படாத சங்கதி. அதன் பலத்தில்தான் இங்கிலாந்தின் இயரேக் நிறுவனம் 1992-இல் அவர்களுடைய முதல் முழு ஆல்பமான 'தி அல்டிமேட் இன்கான்டேஷன்' என்பதை வெளியிட்டது.

இவற்றை நான் கேட்பது திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து டெக்னோபார்க் மென்பொருள் வளாகத்தில் வேலை பார்க்கிற எத்தனையோ பேரில் நானும் ஒருவன். 'மார்பிட் ரைக்' வந்த அதே 1990-இல்தான் கேரள அரசு இந்த வளாகத்தைத் தொடங்கியது. 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கட்டடங்கள் பலவற்றுக்கு ஆறுகளின் பெயர்: பம்பா, பெரியார், நிளா, பவானி, தேஜஸ்வினி. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர்கள் இரவு வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வருவார்கள். பைபாஸில் அப்போது லாரிகளும் தட்டுக்கடை வெளிச்சமும் மட்டும் மிச்சமிருக்கும். அந்த நேரத்தில் காதில் வேய்டரைப் போட்டுக்கொண்டு நடப்பவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய, மொழி தெரியாத ஒரு நாட்டின் இந்த முரட்டு இசை இங்கே எனக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

டெத் மெட்டலைக் கேட்டிராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிட்டார்களின் சுருதியை வழக்கத்தைவிட நன்றாக இறக்கி வைத்திருப்பார்கள். தந்தியை மேலும் கீழுமாக மிக வேகமாக மீட்டி, நின்று ரீங்கரிக்கும் ஒரு சுவரை எழுப்புவார்கள். டிரம்ஸில் ஸ்நேரும் பாஸ் டிரம்மும் மாறி மாறி, இடைவெளியே காதுக்குப் பிடிபடாத வேகத்தில் விழும். அதற்கு பிளாஸ்ட் பீட் என்று பெயர். இவற்றின் மேல்தான் அந்தக் குரல், உறுமல். முதன்முறை கேட்பவர்கள் தொண்டை கிழியக் கத்துவதாக நினைப்பார்கள். முறையாகச் செய்யத் தெரிந்தவர்களுக்குத் தொண்டை கிழிவதில்லை. குரல்நாண்களுக்குச் சற்று மேலே பொய்க்குரல் மடிப்புகள் என்று இரண்டு இருக்கின்றன. சாதாரணப் பேச்சில் அவற்றுக்கு வேலை கிடையாது. உறுமும்போது அவை அதிர்கின்றன. திபெத்திய பௌத்தத் துறவிகள் அடிவயிற்றிலிருந்து ஓதும் அந்த ஆழ்ந்த மந்திர ஒலியிலும் இதே மடிப்புகள்தாம் வேலை செய்கின்றன.

இந்த இசை போலந்தில் பிறந்ததல்ல. 1985-இல் கலிஃபோர்னியாவின் பொசெஸ்ட், 1987-இல் ஃபுளோரிடாவின் டெத், 1989-இல் மார்பிட் ஏஞ்சல் என்று அதன் முதல் தடங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் இளைஞர்கள் அதற்கு இன்னொரு முகம் கொடுத்தார்கள். ஆனால் ஃபுளோரிடாப் பையன்களுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கடை இருந்தது, ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. போலந்தில் 1981 டிசம்பர் 13 முதல் 1983 ஜூலை வரை ராணுவச் சட்டம். வேய்டர் தொடங்கியது அந்த 1983-இல்தான். கடைகளில் ரொட்டிக்கே வரிசை நின்ற நாட்டில் நல்ல கிட்டார் எங்கே கிடைக்கும்?

ஒல்ஷ்டினைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1945 வரை அது ஜெர்மானிய நகரம், பெயர் ஆலன்ஷ்டைன், கிழக்கு பிரஷ்யாவின் பகுதி. போர் முடிந்ததும் ஜெர்மானியர்கள் ஓடினார்கள், எஞ்சியவர்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள்; போலந்தின் மற்ற பகுதிகளிலிருந்தும், சோவியத் எடுத்துக்கொண்ட கிழக்குப் பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து அந்த வீடுகளில் குடியேறினார்கள். ஓர் ஊரில் ஆட்களே முழுக்க மாறிப்போவது எப்படி இருக்கும் என்று என்னால் எண்ணிப்பார்க்க முடிந்ததில்லை. என் மாவட்டமும் 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்ததுதான். ஆனால் நாங்கள் வீட்டைவிட்டு நகரவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது. பிறர் கட்டிய சுவர்களுக்குள், பிறர் புதைந்த மண்ணின் மேல் வளர்ந்த ஒரு தலைமுறை, பேரரசு என்று பொருள்படும் 'ரைக்' என்ற ஜெர்மன் சொல்லைத் தன் கசெட்டின் தலைப்பில் வைத்ததை இந்தப் பின்னணியோடு பார்க்கிறபோது எனக்கு அது வெறும் அலங்காரமாகத் தெரிவதில்லை.

அவர்களுக்கு இந்த இசை போய்ச் சேர்ந்த வழி தபால். டேப் ட்ரேடிங் என்பார்கள். ஒருவர் தன்னிடம் இருக்கும் பதிவுகளின் பட்டியலைக் கையால் எழுதி அனுப்புவார். மற்றவர் தன் பட்டியலை அனுப்புவார். பிறகு கசெட்டுக்குக் கசெட். காசு கைமாறாது. தபால்தலையின் மேல் சோப்பையோ பசையையோ மெல்லிசாகத் தடவி அனுப்புவது பல நாட்டு மெட்டல் ரசிகர்களும் செய்த காரியம். முத்திரை மை அந்தப் பூச்சில்தான் விழும், கழுவிவிட்டு அதே தபால்தலையை மறுபடி ஒட்டலாம். போலந்து வானொலியின் மூன்றாம் அலைவரிசை முழு இசைத்தட்டுகளையும் ஒலிபரப்பும். பிள்ளைகள் டேப் ரெக்கார்டரோடு காத்திருந்து பதிந்துகொள்வார்கள். நம் ஊர்களில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து 90 நிமிடக் கசெட்டில் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1994 பிப்ரவரியில் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை போலந்தில் நகல் கசெட்டுகள் கடைகளில் பகிரங்கமாகவே விற்றன. கார்னேஜ் ரெக்கார்ட்ஸ் போன்ற சிறு வெளியீட்டாளர்களும், 'த்ராஷ் எம் ஆல்' போன்ற பத்திரிகைகளும் இந்தச் சந்தின் வழியே வளர்ந்தவை. 1986 முதல் கட்டோவிட்சே நகரின் ஸ்போடெக் அரங்கில் நடந்த மெட்டல்மேனியா விழா அந்தக் கூட்டம் நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட முக்கியமான இடம்.

'தி அல்டிமேட் இன்கான்டேஷன்' உருவானதிலேயே ஒரு பிடிவாதம் இருக்கிறது. முதலில் அதை ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவுசெய்தார்கள். அன்றைக்கு டெத் மெட்டல் குழு எதுவும் கனவு காணும் இடம் அது. என்டூம்ட் குழுவின் புகழ்பெற்ற, ரம்பம் அறுக்கும் கிட்டார் ஒலி அங்கே பிறந்தது. வந்த ஒலி வேய்டருக்கு நிறைவாக இல்லை. முழுவதையும் ஓரம்கட்டிவிட்டு இங்கிலாந்தின் ரிதம் ஸ்டுடியோவில் மறுபடி பதிவுசெய்தார்கள். சன்லைட் பதிவை அப்படியே விட்டிருந்தால் ஸ்வீடன் குழுக்களின் நிழலில் இன்னொரு குழுவாக இவர்கள் நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெளிவந்த ஆல்பத்தில் கிட்டார் காய்ந்து, கூராக, சதையில்லாமல் இருக்கிறது. அதனால்தான் டிரம்ஸ் முன்னுக்கு வருகிறது.

அந்த டிரம்ஸைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. வாசித்தவர் க்ஷிஷ்டோஃப் ராச்கோவ்ஸ்கி, மெட்டல் உலகில் டோட்சென்ட் என்று அறியப்பட்டவர். 1988-இல் குழுவில் சேர்ந்தார். 'மார்பிட் ரைக்'கைப் பதிவுசெய்தபோது இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். வேகம் எல்லோரிடமும் உண்டு. இவருடைய வேகத்தில் ஒரு சாய்வு இருக்கும். தாளம் எப்போதும் கிட்டாரைவிட ஒரு மயிரிழை முன்னால் போய், மற்றவர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவதுபோலக் கேட்கும். ஒரு பாட்டின் நடுவே வேகத்தை வெட்டி, பாதி வேகத்துக்கு இறங்கி, நான்கு அடி நடந்து, மறுபடி பாய்வார். அந்த இறக்கத்தில்தான் எனக்கு உடல் சிலிர்க்கும். தாயம்பகையில் செண்டைக்காரர் காலத்தை மாற்றும் கணத்துக்காகக் காத்திருக்கும் திருவனந்தபுரத்து ரசிகருக்கு நான் சொல்வது உடனே புரியும். டோட்சென்ட் 2005 ஆகஸ்டில், 34 வயதில் இறந்துபோனார். குடியும் போதையும் அவரை அதற்கு முன்பே குழுவிலிருந்து பிரித்திருந்தன. பாடகரும் கிட்டாரிஸ்டுமான பியோட்டர் விவ்சாரெக் ஆட்களை மாற்றி மாற்றிக் குழுவை இன்றுவரை நடத்திவருகிறார். அது பெரிய காரியம்தான். ஆனால் டோட்சென்ட் இருந்த முதல் ஆண்டுகளின் பதிவுகளை மற்றவற்றோடு சேர்த்துவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு குழுவையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. நெசவாலைகளின் நகரமான வூச்சிலிருந்து வந்த இம்பெரேட்டர். 1991-இல் ஒரு சிறு பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட 'தி டைம் பிஃபோர் டைம்' அவர்களுடைய ஒரே முழு ஆல்பம். மனிதர்களுக்கு முந்தைய ஆதி சக்திகளைப் பற்றிய கற்பனை, அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் பாதிப்பு. வேய்டரின் ஒழுங்கு இதில் கிடையாது. கட்டுக்கடங்காமல், பல இடங்களில் தாளம் கையைவிட்டுப் போகும் நிலையில் ஓடுகிறது. நிறையப் பேர் அறியாமலே போன இந்த ஆல்பத்தைத்தான் போலந்து டெத் மெட்டலின் முதல் காலத்து உச்சங்களில் ஒன்று என்று நான் சொல்வேன்.

இவர்கள் எல்லோரும் பாடியது சாத்தானைப் பற்றி, புனிதங்களைச் சிதைப்பதைப் பற்றி, சபை சொல்லும் சொர்க்கத்தை மறுப்பதைப் பற்றி. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் போலந்தின் கத்தோலிக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிரான மக்களுக்குத் திருச்சபை அடைக்கலமாக இருந்தது. சாலிடாரிட்டி இயக்கத்தை ஆதரித்துப் பேசிய பாதிரியார் யெர்ஷி பொபியெவுஷ்கோவை 1984 அக்டோபரில் ரகசிய போலீஸ் அதிகாரிகள் கடத்திக் கொன்றார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்ற சபை, 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகு பள்ளிக்கூடத்திலும் நாடாளுமன்றத்திலும் தானே ஓர் அதிகாரமாக ஆனது. அந்த மாற்றத்தின் வாசலில் இருபது வயதில் நின்ற பிள்ளைகள், அரசையும் நம்ப முடியாமல் சபையையும் நம்ப முடியாமல் உறுமினார்கள். அதன் விலையையும் சிலர் கொடுத்தார்கள். பெஹமோத் குழுவின் பாடகர் 2007-இல் கிடீனியா நகரத்து மேடையில் பைபிளைக் கிழித்ததற்காக, மத உணர்வைப் புண்படுத்தியதாக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார். நான் நம்பிக்கையுள்ளவன், எவருடைய வேதநூலைக் கிழிப்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் இந்த இசையின் கோபம் வந்த வழி எனக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு, அதை வெறும் பேய்க்கூத்து என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

கழக்கூட்டத்தில் இந்தக் கோபத்துக்கு என்ன வேலை என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். எங்கள் ஊர்க்காரன், அலுவலகத்தில் எனக்கு அடுத்த வரிசையில் இருப்பவன். என் ஹெட்ஃபோனை வாங்கிச் சற்று நேரம் கேட்டுவிட்டு, "அண்ணே, இவன் யார்மேல இவ்வளவு கோவமா இருக்கான்?" என்றான். அவன் அன்றைக்குப் பதினோரு மணிநேரம் உட்கார்ந்து வேலை செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருந்தார்கள். "கோவம்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது, ஒரு வார்த்தை புரியலையே" என்று கேட்டேன். "அது தெரியும்ணே" என்றான். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

இந்தப் பக்கத்தில் மெட்டல் கேட்பவர்களும் வாசிப்பவர்களும் எப்போதும் இருந்திருக்கிறார்கள். கொச்சியின் 13ஏடி தொண்ணூறுகளின் வாசலிலேயே ஆங்கில ராக் ஆல்பம் போட்டது. திருவனந்தபுரத்தில் 2003-இல் தொடங்கிய அவியல் மலையாளத்திலேயே ராக் பாடிக்காட்டியது. கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில், ஸ்ரீகாரியத்தை ஒட்டியிருக்கும் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி போன்ற கல்லூரிகளின் கலைவிழா மேடைகள்தாம் இங்குள்ள குழுக்களுக்குப் பயிற்சிக்களம். தபால்தலையில் சோப்பு தடவும் காலம் இங்கே வரவில்லை. விடுதியில் ஹார்ட் டிஸ்க் கைமாறும் காலம் வந்தது. ஒருவர் டவுன்லோட் செய்தால் விடுதியே கேட்கும். முறை மாறியதே தவிர, தேடிக் கண்டடைந்ததைத் தானே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவனுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்ற அந்த அரிப்பு ஒன்றுதான்.

அந்த மண்ணிலிருந்து வந்த குழு கேயாஸ். 2005-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கினார்கள். 2013-இல் 'வயலண்ட் ரிடெம்ப்ஷன்' வந்தது. இது த்ராஷ் மெட்டல், டெத் மெட்டல் அல்ல. உறுமலைவிட அதட்டல் அதிகம், வேகத்தைவிடக் கனம் அதிகம். அடுத்த ஆண்டு வடகேரளத்திலிருந்து தி டவுன் ட்ராடன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது, அதில் நாகவல்லி என்ற பெயரில் ஒரு பாட்டு இருந்தது. நாகவல்லி பேயாக வரும் 'மணிச்சித்ரதாழு' படத்தைப் பார்க்காத மலையாளி உண்டா? போலந்துப் பிள்ளைகள் லவ்கிராஃப்டிடம் போய்க் கடன் வாங்கிய பயத்தை, இவர்கள் தங்கள் வீட்டு மாடி அறையிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அதுதான் சரியான வழி என்பது என் முடிவு.

இனி, தமிழர்கள் அறிய வேண்டிய, பெரும்பாலும் அறியாத ஒரு குழுவுக்கு வருகிறேன். ருத்ரா, சிங்கப்பூர், 1992. டெத் மெட்டலின் முதல் அலை அடங்கும் முன்பே, போலந்தில் வேய்டரின் முதல் ஆல்பம் வந்த அதே ஆண்டில் தமிழ் இளைஞர்கள் தொடங்கியது. சிங்கப்பூரில் அப்போதே அப்ஹோரர், இம்பையட்டி போன்ற குழுக்கள் இருந்தன. சாத்தானைப் பாடுவதில் போலந்துக்குச் சளைத்தவர்கள் அல்ல. மெட்டல் ரசிகர்களில் மலாய் இளைஞர்களே மிகுதி. சிறுபான்மையிலும் சிறுபான்மையாக அந்தக் கூட்டத்துக்குள் நின்று, பாஸ் கிட்டார் வாசித்தபடி பாடிய கதிரும் நண்பர்களும் அதே உறுமலை எடுத்துக்கொண்டு நேர் எதிர்த்திசைக்குப் போனார்கள். இடையில் கலைந்து, மறுபடி கூடி, 1998-இல் குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். பாடுபொருள் வேதாந்தம். தங்கள் இசைக்கு வேத மெட்டல் என்று தாங்களே பெயரும் வைத்தார்கள். பிறகு 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் 2005, 2009, 2011 ஆண்டுகளில் மூன்று ஆல்பங்கள் வந்தன. உபநிடதமும் கீதையும் அத்வைதமும் ஆங்கில வரிகளாகவும் சமஸ்கிருதச் சுலோகங்களாகவும் அந்த உறுமலுக்குள் வருகின்றன. கதிர் மேடைக்கு ஒரு வேடமாக இதைப் போட்டுக்கொண்டவர் இல்லை. வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தின் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் இவர்களை வைத்து ஆய்வுக்கட்டுரைகள் எழுதியிருக்கிறார். தமிழில் இவர்களைப் பற்றி விரிவான ஒரு நூல் வந்திருக்க வேண்டும்.

ருத்ராவை முதலில் கேட்டபோது எனக்குக் குழப்பம்தான் வந்தது. வேய்டரின் குரலில் நான் கேட்டது மறுப்பு. இங்கே அதே மடிப்புகள் அதிர்கின்றன, அதே இறக்கிவைத்த சுருதி, அதே பிளாஸ்ட் பீட்; ஆனால் அது 'நான்' என்பதைக் கரைப்பதற்காக உறுமுகிறது. சங்கரர் பிறந்த காலடி இந்தக் கேரளத்தில், பெரியாற்றங்கரையில் இருக்கிறது. அங்கே போனால் மென்மையான சுலோக ஒலிதான் காதில் விழும். அத்வைதம் சொல்லும் அழிப்பு அவ்வளவு மென்மையானதா? உடல் நீ இல்லை, மனம் நீ இல்லை, உன் பெயரும் உறவும் நீ இல்லை என்று ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே போகும் தத்துவம் அது. அதை ஒருவன் உண்மையிலேயே உணர்ந்தால் அலறத்தான் செய்வான். ருத்ராவின் சத்தம் அந்தத் தத்துவத்துக்குப் பொருந்தாத ஆடை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. சென்னையிலிருந்து பிளட் கவனன்ட் என்றொரு குழு இதைப்போன்ற முரட்டு இசையிலேயே கிறிஸ்துவைப் போற்றியிருக்கிறது. சபையை எதிர்த்தவன், வேதாந்தி, கிறிஸ்துவின் பக்தன் என்று மூவருக்கும் இந்தக் குரல் ஒத்துவருகிறது என்றால், இது சாத்தானின் இசை என்ற பழி நிற்காது. எதைப் பற்றி ஒருவனால் அமைதியாகப் பேச முடியவில்லையோ அதைப் பேச இந்தக் குரல் உதவுகிறது. போலந்தில் அது திருச்சபையாக இருந்தது. கதிருக்கு ஆன்மாவாக இருந்தது.

ருத்ராவிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, உரிமையோடுதான் சொல்கிறேன். தமிழ் பேசும் பிள்ளைகள் தொடங்கிய குழு, ஆழத்தைத் தேடி சமஸ்கிருதத்துக்குப் போனது. வேதாந்தம் அவர்கள் தேர்ந்த பாதை, அதில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் உலக மொழிகளில் டெத் மெட்டலுக்கு இவ்வளவு பழைய, இவ்வளவு அசலான சரக்கு வைத்திருக்கும் மொழி தமிழ் என்று நான் நம்புகிறேன். காரைக்கால் அம்மையார் ஆறாம் நூற்றாண்டில், தன் உடலின் சதையை உதறிப் பேயுருக்கொண்டு, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் உட்கார்ந்து பாடினார். எரியும் பிணமும், நரியும், வற்றிய முலையோடு அலையும் பெண்பேயும், நடுவே ஆடும் இறைவனும் அவர் பதிகங்களில் இருக்கிறார்கள். பயமும் பக்தியும் ஒன்றாகக் கலந்த அந்தக் குரலுக்கு மென்மையான பண் மட்டும்தான் பொருந்தும் என்று யார் சொன்னது?

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் எழுதிய கலிங்கத்துப்பரணி அதற்கும் மேல். முதலாம் குலோத்துங்கனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போர் அதன் பொருள் என்று பாடப்புத்தகம் சொல்லும். பரணியின் உயிர் போரில் இல்லை, பேய்களிடம் இருக்கிறது. பசியால் வற்றிப்போன பேய்கள் காளியின் முன்னால் முறையிடுகின்றன. ஒரு பேய் தான் கற்றுவந்த இந்திரசாலத்தைக் காட்ட, இல்லாத பிணக்குவியலின் மேல் மற்றப் பேய்கள் விழுந்து புரண்டு வெறும் வாயை மென்று ஏமாறுகின்றன. பிறகு உண்மையாகவே போர் வருகிறது. களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. செத்த வீரர்களின் பல்லே அரிசி. வெற்றிபெற்ற மன்னனைப் புகழ எழுந்த ஒரு நூல், போரில் உண்மையாக வயிறு நிறைவது யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறது. செயங்கொண்டாரின் சந்தம் போர் நெருங்க நெருங்க முடுகி ஓடுகிறது. சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விழுகின்றன. டோட்சென்ட் செய்வதும் இதுதான். பரணியை உரக்க வாசித்துப் பார்த்தவர் எவரும் இந்த ஒப்பீட்டை மிகை என்று சொல்லமாட்டார்.

கழக்கூட்டத்துக்கும் தன் கதை இருக்கிறது. திருவிதாங்கூரில் அரசனை எதிர்த்து நின்ற எட்டுவீட்டில் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர் அந்தப் பிள்ளைமாரைக் கொன்று, வீடுகளை இடித்து, அந்த இடங்களில் குளம் தோண்டினார் என்றும், அவர்களுடைய பெண்களையும் பிள்ளைகளையும் மீனவர்களிடம் ஒப்படைத்தார் என்றும் வாய்மொழி மரபு சொல்கிறது. தெற்கே எங்கள் பக்கத்திலும் இந்தக் கதைகள் உண்டு. வில்லுப்பாட்டுக்காரர்கள் அநியாயமாகச் செத்தவர்களைப் பாடிப் பாடியே தெய்வமாக்கியிருக்கிறார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடங்களுக்கும் 2022-இல் திறந்த மேம்பாலச் சாலைக்கும் அடியில் இருப்பது இந்த மண்தான். இங்கே கிட்டார் எடுக்கும் ஒரு பையன், ஃபுளோரிடாவின் சவக்குழியைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

ஒல்ஷ்டின் பிள்ளைகள் எனக்குக் காட்டியது இதுதான்: வந்த இசையைக் கடன் வாங்கலாம், ஆனால் அதை உங்கள் ஊரின் கோபத்தால் நிரப்ப வேண்டும். அவர்கள் ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். ஆனாலும் வேய்டரின் முதல் ஆல்பத்தைக் கேட்கும்போது ஃபுளோரிடா நினைவுக்கு வருவதில்லை, 1990-இன் போலந்துதான் வருகிறது. காய்ந்த கிட்டாரில், அவசரப்படும் தாளத்தில், ஸ்வீடனில் முடித்த பதிவை வேண்டாம் என்று தள்ளிய அந்தப் பிடிவாதத்தில் அந்த நாடு இருக்கிறது.

வாசிப்பவர்களில் யாராவது இதை இதுவரை கேட்டதில்லை என்றால் 'மார்பிட் ரைக்'கில் தொடங்குங்கள், முழுதாக, ஒரே மூச்சில். வரிகளைத் தேடிப் படிக்க வேண்டாம். டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்து ருத்ராவின் 1998 ஆல்பம், அதற்கடுத்து கேயாஸ். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாடகை அறையில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரிடம் திட்டு வாங்கும் தம்பி தங்கைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கலிங்கத்துப்பரணியை ஒரு நூலகத்திலிருந்து எடுத்து வாருங்கள். கூழ் சமைக்கும் பகுதியைத் திறந்து, முதலில் உரக்க வாசியுங்கள். பிறகு சுருதியை இறக்கி வைத்துக்கொண்டு, அதைத் தமிழிலேயே உறுமுங்கள்.